எறும்பு ஏறின கொக்கு

ஒரு எறும்பு. மலைக்கு அந்தாண்ட அவ அக்கா மாசமா இருக்கா, சீனின்னா உசுரு. இவ அஞ்சு சீனித் துணுக்கக் கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா.

பருந்து, "நேராக் கொண்டு போறேன், நாலு குடு"ன்னுச்சு.

கொக்கு, "ஆலமரம் வரைக்கும் நானு, அப்புறம் காக்கா. மொத்தமே ரெண்டுதான்"னுச்சு. இந்தக் கொக்கு ஒருநா ரப்பர் செருப்ப மீனுன்னு முழுங்கப் பாத்துச்சு. அத விடுங்க.

எறும்புக்கு ஒரே ஆச்சரியம். "சுத்திப் போறீங்க, ரெண்டு பேரு சுமக்குறீங்க, எப்படிண்ணே கம்மி?"

"நேராப் போக பருந்து ஒருத்தன்தான், வச்சதுதான் கூலி. சுத்திப் போக எங்கள மாதிரி பத்துப் பேரு. கூடக் கேட்டா நீ அடுத்தவன்மேல ஏறிடுவ. காலி முதுகோட பறக்குறதுக்கு ரெண்டு வந்தா லாபந்தானே, தாயி?"

ரெண்டக் குடுத்துட்டு ஏறிட்டா. ஆலமரத்துல காத்திருந்த காக்காவுக்கு மாறப் போனா, வேருல அக்கா! புத்துல தண்ணி புகுந்துடுச்சுன்னு நேத்தே இங்க வந்துட்டாளாம்.

"அண்ணே, இங்கயே எறங்கிக்கறேன். ஒண்ணத் திருப்பிக் குடுங்க."

"இங்க எறங்கினா இன்னும் ரெண்டு ஆகும் தாயி."

"பாதி வழிதானே!"

"இந்த மரத்துக்கு நான் ஒருத்தன்தானே வர்றேன்."

எறும்பு மூட்டையப் பாத்தா, அக்கா வயித்தப் பாத்தா. காக்கா முதுகுல தாவி ஏறிக்கிட்டுக் கத்துனா:

"அக்கா, அங்கயே இரு! மலைக்கு அந்தாண்ட எறங்கி, நடந்தே வந்துடறேன்!"