இன்னும் கொஞ்சம் தெளிவா

"இன்னும் கொஞ்சம் தெளிவாக்க முடியுமாண்ணே?"

கேட்டது கல்யாணப் பெண். கல்யாணம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கன்னம் ஒட்டிப்போய் ஆளே பாதியாகியிருந்தாள். ஸ்டுடியோவின் பின்னறையில், கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

வீடியோக்காரர் மவுஸை நகர்த்தினார். திரையில் மண்டப வாசல், கார், அதில் ஏறப்போகிற மணப்பெண். அவள் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு அப்பா என்னவோ சொல்கிறார். அந்த வாரமே தூங்கப்போன மனுஷன் எழுந்திருக்கவில்லை.

"அப்பா கடைசியா என்கிட்ட பேசினது இதுதாண்ணே. அவர் முகத்தை மட்டும் பெருசு பண்ணுங்க."

பண்ணினார். முகம் மெழுகில் பிடித்து வைத்த மாதிரி வழவழவென்று வந்து நின்றது. கண் தெரிந்தது, மூக்கு தெரிந்தது. மீசைக்குக் கீழே எல்லாம் ஒரே நிறம்.

"ஷார்ப்னெஸ்னு ஒண்ணு இருக்காமே, அதைக் கூட்டுங்க."

கூட்டினார். முகத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு விழுந்ததே தவிர, உள்ளே ஒரு எழவும் தெளியவில்லை.

"கேமராவுல விழாததை இந்தப் பெட்டி எங்கேருந்தும்மா கொண்டு வரும்?"

"ஏண்ணே விழல?"

வீடியோக்காரர் தலையைச் சொறிந்தார். "ஃபோர் கே-ல, ரொம்பத் துல்லியமா எடுத்தா மெமரி கார்டு சட்டுனு ரொம்பிடும்மா. அதான் குறைச்சு வெச்சேன். அப்புறம், ரொம்ப ஷார்ப்பா எடுத்தா பரு, சுருக்கம் எல்லாம் அப்பட்டமா தெரியும். உங்க அத்தைங்களே என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. அதனால முகத்தை மழமழன்னு காட்டுற செட்டிங்கை கேமராவுலயே போட்டுடுவேன். எல்லாக் கல்யாணத்துக்கும் அப்படித்தான். இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல."

அவளும் குறை சொல்லவில்லை. "இன்னொரு கேமரா இருந்துச்சே?" என்றாள், அவ்வளவுதான்.

"அதுல அப்பாவோட முதுகுதாம்மா இருக்கு."

அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் வீடியோக்காரரின் கவலை வேறு. படம் மங்கல் என்றால் எதையாவது பேசிச் சமாளித்துவிடலாம். சத்தத்துக்கு என்ன செய்வது?

அன்றைக்குப் பெண்ணின் அப்பா கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார். "இந்தப் புழுக்கத்துல இது எதுக்கு சார், எடுத்துடுங்க" என்று இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் சிரித்தபடி தலையை ஆட்டிவிட்டார். சரி போகட்டும் என்று இவரும் அந்தத் துணியிலேயே சின்ன மைக்கைக் குத்திவிட்டார். பிறகு போட்டுக் கேட்டால், கார் ஹாரன் இருக்கிறது, கூட்டத்தின் இரைச்சல் இருக்கிறது, பெண் விம்மி விம்மி அழுவதுகூட இருக்கிறது. அப்பா பேசியதில் ஒரு சொல் இல்லை. மைக் எந்தப் பக்கம் திரும்பித் தொலைத்ததோ. சோகமான இசை ஒன்றைப் போட்டு மூடிவிட்டார்.

நல்லவேளை, இந்தப் பெண் இன்னும் சத்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால் தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

"மறுபடி ஒரு தடவை போடுங்கண்ணே. மெதுவா."

போட்டார். திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். "இன்னும் மெதுவா" என்றாள். மறுபடியும் போட்டார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"அம்மாடி, இதுக்கு மேல மறைக்க எனக்கு மனசு வரல. படம் மட்டுமில்ல, சத்தமும் போச்சு. அப்பா பேசினது ஒரு வார்த்தைகூட மைக்குல விழல. அது தெரியக்கூடாதுன்னுதான் மியூசிக் போட்டேன். மன்னிச்சிடும்மா."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"மைக் மேல தப்பில்லண்ணே. தொண்டையில ஆபரேஷன் பண்ணினதுலேருந்து அப்பாவுக்குக் குரலே கிடையாது, உதடு அசையறதைப் பார்த்துதான் நாங்க புரிஞ்சுக்குவோம். அன்னிக்கு என் கண்ணு முழுக்கத் தண்ணி, ஒண்ணும் தெரியல. அப்புறமா கேட்டுக்கலாம்னு கார்ல ஏறிட்டேன்."