பத்தடிக் கொட்டாய்

"கொட்டாய் மேல எவனாச்சும் கை வெச்சீங்க, கைய ஒடிச்சிருவேன்!"

புதுத் தகரக் கொட்டகையின் வாசலை மறித்துக்கொண்டு நின்றார் மதியழகன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்; குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் கூவிப் பழகிய தொண்டை, ஏரிக்கரை வரைக்கும் கேட்டது.

எதிரே நின்ற மலர்விழி அசரவில்லை. பக்கத்துக் காலி மனை அவளுடையது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்து, சர்வேயரைக் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

"கை வெக்க வரலீங்கண்ணா. அளக்கத்தான் வந்திருக்கறோம். உங்க கொட்டாய் முழுசா என் மனையில நிக்குது."

மதியழகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரம் பார்த்து வந்து கழுத்தறுக்கிறாளே! வீட்டை வாங்க வந்த பெங்களூர்ப் பார்ட்டி வேப்பமரத்தடியில் நின்று வேடிக்கை பார்க்கிறார். ஓய்வு பெற்றபோது வந்த பணம் மொத்தத்தையும் கொட்டிக் கட்டிய வீடு இது. இதை விற்றால்தான் ஓசூரில், மகள் யுவராணிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு வாங்க முடியும்.

கொட்டகை யோசனை, புரோக்கர் சின்னராஜ் கொடுத்தது. "பெங்களூர்க்காரங்களுக்குத் தோட்டம்னா உசுருங்க. மம்புட்டி, பைப்பு, உர மூட்டை போட்டு வெக்க ஒரு கொட்டாய் மட்டும் இருந்துச்சுன்னா வூட்டு வெல தானா ஏறும்" என்றிருந்தார்.

வீட்டைச் சுற்றி அதற்கு இடம் இல்லை. ஏரிப் பக்கத்து முள்வேலியைப் பத்தடி தள்ளி, மலர்விழியின் மனைக்குள் நட்டார் மதியழகன்; இடம் வந்துவிட்டது. இந்த விஷயம் அவருக்கும் மனைவி சாலம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும். சத்தம் இவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணமும் அதுதான்.

"ஏம்மா, இங்க மொத்தம் பதினாலு மனை. அதுல வூடு கட்டிக் குடியிருக்கறவன் நான் ஒருத்தன்தான். பத்திரத்துல ஏழாம் நம்பர் என்னுது, எட்டாம் நம்பர் உன்னுது. ரோட்டுல இருந்து எண்ணித்தான் வூடு கட்டுனேன். முப்பது வருசம் பஸ்ஸுல ஆள் எண்ணுனவனுக்கு ஏழு மனைய எண்ணத் தெரியாதா?"

"அதான் அளந்து பாத்துரலாங்கண்ணா."

சர்வேயர் பிளானை விரித்துப் பார்த்தார். அளவுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தார்.

"சார்! ரோடு இந்தப் பக்கம் இருக்குது. அங்க எங்க போறீங்க?"

"பிளான்ல ஒண்ணாம் நம்பர் ஏரிப் பக்கந்தாங்க ஆரம்பிக்குது."

"எங்க இருந்து வேணா அளங்க! எங்க இருந்து அளந்தாலும் என் எடம் என் எடந்தான்!"

சங்கிலி மனை மனையாக நகர்ந்து வந்தது. அது வந்து சேரும்வரை மதியழகன் வாய் ஓயவில்லை. வீட்டு வாசலில் இருந்து சாலம்மாள், "கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன்" என்றாள். "நீ உள்ள போடி!" என்று அவளுக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

சர்வேயர் வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பிளானைப் பார்த்தார்.

"கொட்டாய் மதியழகன் சார் எடத்துலதாங்க இருக்குது. முழுசா."

அடுத்த வசவுக்காகத் திறந்த மதியழகனின் வாய் அப்படியே நின்றது. அவருக்கே நம்ப முடியவில்லை. சாலம்மாள் கணவனைப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முன்பு பயத்தில் வந்த கோபம் இப்போது தைரியத்தில் இரண்டு மடங்காக வந்தது.

"கேட்டுக்கிட்டியா? கவருமென்ட்டே சொல்லுது! நர்ஸுன்னா ஊசி போட்டமா, போனமான்னு இருக்கோணும். அடுத்தவன் எடத்துக்கு ஆசப்படக் கூடாது!"

மலர்விழிக்கு முகம் சுருங்கிப் போனது. நாலு பேர் பார்க்கிறார்கள். கண்ணில் முட்டியதை அடக்கிக்கொண்டு, "தப்புன்னா மன்னிச்சிருங்கண்ணா" என்றாள்.

"சார், இன்னொரு விசயமுங்க..." என்று ஆரம்பித்தார் சர்வேயர்.

"ஒரு விசயமும் வேண்டாம்! மொதல்ல எழுதுங்க. இன்னிக்கு மன்னிப்புக் கேப்பாங்க, நாளைக்கு மாத்திப் பேசுவாங்க. ரெண்டு பேருகிட்டயும் கையெழுத்து வாங்குங்க!"

சர்வேயர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு தான் வந்த ஜீப்பின் பானட்டில் காகிதத்தை வைத்து எழுதினார். மதியழகன் படித்துக்கூடப் பார்க்காமல், காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். மலர்விழியும் தலையைக் குனிந்தபடி போட்டாள். பெங்களூர்ப் பார்ட்டி மரத்தடியை விட்டு நெருங்கி வந்தார்.

அவரைப் பார்த்ததும் மதியழகனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்படியே வூட்டைப் பத்தியும் ரெண்டு வரி எழுதிருங்க சார். வாங்கறவரு கண்ணால பாத்துக்கட்டும்."

"அதையும் எழுதித்தானுங்க கையெழுத்து வாங்கியிருக்கறேன்" என்றார் சர்வேயர், பேனாவை மூடியபடி. "ஏரிப் பக்கம் இருந்து எண்ணுனா அந்தக் காலி மனைதான் ஏழு. வூடு அந்தம்மா எடத்துல இருக்குதுங்க."