முதல் வரிசையில் ஒரு சாண்

காலை ஏழரைக்கே ஸ்பெயினின் குல்லேரா கடற்கரையின் முதல் வரிசையில் குடைகள் முளைத்துவிட்டன. மாத்ரித்திலிருந்து ஆகஸ்டு தவறாமல் வரும் மிலாக்ரோஸ் தன் நீலக் குடையை மணலில் திருகி இறக்கிவிட்டு வலப்பக்கம் பார்க்கிறாள். ரெமெடியோஸின் மஞ்சள் குடையைக் காணோம். பதினெட்டு வருஷமாக அந்த இடம் அவளுடையது. பதினெட்டு வருஷமாக இருவருக்கும் ஒரு சாண் மணலுக்குச் சண்டை. வசந்தத்தில் ரெமெடியோஸுக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று கேள்வி. இடம் பிடிக்கப் போட்டுவைத்த ஆளில்லாத நாற்காலிகளை அள்ளிக்கொண்டு நகராட்சி வண்டி வருகிறது. மிலாக்ரோஸ் கணவர் எலாதியோவை நீலக் குடையடியில் உட்காரவைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை வலப்பக்கம் போட்டு வெயிலில் உட்கார்கிறாள்.

“அவ வரலேன்னா நமக்குத்தானே வசதி? காலை நீட்டிக்கலாம்” என்கிறார் எலாதியோ.

“நீங்க பேசாம பேப்பரைப் படிங்க.”

ஈரத் துண்டுடன் ஒருவன் வந்து, “இந்த இடம் காலியா?” என்கிறான்.

“ஆள் வருது.”

அலை நாற்காலிக் கால்களை நனைத்துப் போகிறது. யார் வீட்டு டப்பாவிலிருந்தோ உருளைக்கிழங்கு ஆம்லெட் மணக்கிறது. பத்தேகாலுக்கு மரப்பாதையில் மஞ்சள் குடை தெரிகிறது. அதைச் சுமப்பவர் ரெமெடியோஸின் கணவர். பின்னால் அவள், கைத்தடியோடு. வந்தவள் வணக்கம்கூடச் சொல்லாமல் மணலைக் கண்ணால் அளக்கிறாள்.

“உன் குடை ஒரு சாண் என் பக்கம் வந்திருக்கு.”

“ஆபரேஷன் இடுப்புலதானே? கண்ணுலயுமா?”

மிலாக்ரோஸ் எழுந்து, இடத்தைக் காத்துக்கொண்டு காலையிலிருந்து கழற்றாத செருப்பைக் கழற்றி, சரியாக ஒரு சாண் ரெமெடியோஸின் இடத்துக்குள் விட்டுவிட்டுக் கடலில் இறங்குகிறாள்.