வேனுக்குப் பின்னால் ஒரு வீடு

“அம்மா, ஆடுது! டிரெய்லர் ஆடுது!” என்று பின்சீட்டிலிருந்து பிரிட்டா கத்தினாள்.

ஒரு பெரிய லாரி விருட்டென்று தாண்டிப் போனதுதான் தாமதம். மினிவேனுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி வந்த குட்டி வீட்டு டிரெய்லர் இப்படியும் அப்படியும் வாலாட்ட ஆரம்பித்துவிட்டது.

“பிரேக்கைத் தொடாதே கிர்ஸ்டன்! ஆக்ஸிலரேட்டர்லேருந்து மெதுவா காலை எடு. ஸ்டியரிங்கை நேராப் பிடி” என்றான் பக்கத்தில் இருந்த அவள் புருஷன் டேல்.

“தெரியும், நீ வாயை மூடு!”

வேகம் தணிந்தது. ஆட்டமும் நின்றது.

“நின்னுடுச்சு! நானே நிறுத்திட்டேன்!” கிர்ஸ்டனுக்குத் தலைகால் புரியவில்லை.

வருஷா வருஷம் டேல்தான் ஓட்டுவான். இந்த முறை தோளில் ஆபரேஷன், இடது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்குகிறது. ‘அப்ப இந்தக் கோடைக்கு சுப்பீரியர் ஏரி இல்லையா?’ என்று பிரிட்டா முகம் வாடியதும், ‘ஏன், நான் ஓட்டறேன்’ என்று சொல்லிவிட்டாள் கிர்ஸ்டன். சொன்ன மறுநாளே ரிவர்ஸ் பழகப் போய், தெருவே வேடிக்கை பார்க்க, எதிர்வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டாள். அன்று தெரு சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது.

அடுத்து வந்த ஓய்விடத்தில் நிறுத்தி டிரெய்லரைத் திறந்து பார்த்தால், தண்ணீர் கேன், மீன்பிடிப் பெட்டி எல்லாம் கடைசியில் கிடந்தன.

“கனம் முன்பக்கம் இருக்கணும்னு வாரம் பூரா பாடம் எடுத்தியே, இதை யார் இங்கே வெச்சது?”

“நான்தான்... எடுக்கச் சுலபமா இருக்குமேன்னு.”

“ரொம்ப அழகு!”

எல்லாவற்றையும் அளவாக முன்னால் நகர்த்தினார்கள். கொக்கி, சங்கிலி, விளக்கு, டயர் எல்லாம் இன்னொரு தடவை பார்த்தார்கள். அப்புறம் டிரெய்லர் நல்ல பிள்ளையாகக் கூடவே வந்தது. ஏரி கண்ணில் பட்டதும் மூன்று பேரும் சேர்ந்து கூச்சல் போட்டார்கள்.

ஏரிக்கரை முகாமுக்குள் நுழைந்ததும் கிர்ஸ்டன் வேகத்தைக் குறைத்தாள்.

இங்கே சாயந்திரம் ஆனால் டி.வி. தேவையில்லை. புதிதாக வந்தவர்கள் டிரெய்லரை ரிவர்ஸில் உள்ளே விடுவதுதான் பொழுதுபோக்கு. இவர்களுக்கு ஒதுக்கியிருந்த இடத்துக்கு எதிரே மடக்கு நாற்காலிகளைப் போட்டு, காபியும் கையுமாக ஒரு கூட்டமே தயாராக உட்கார்ந்திருந்தது.

பதற்றத்தில் கிர்ஸ்டன் இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். கை உதறியது.

“வேற யாரையாவது விட்டுத் தரச் சொல்லட்டுமா?” என்றான் டேல்.

“கூப்பிட்டுப் பாரு, இப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவேன்! நானா உள்ளே விடணும். முடியலேன்னா, இனிமே இதைத் தொடவே மாட்டேன்.”

“சரி சரி. ஒருவழிப் பாதைதானே, ஒரு சுத்து சுத்திட்டு வா. நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்.”

“இப்பவா? என்னை இந்த நிலைமையில விட்டுட்டா?”

“அவசரம்மா!” அவன் இறங்கி நடையைக் கட்டினான்.

சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். எதிரே இருந்த அத்தனை நாற்காலிகளும் மறுபக்கம் திரும்பியிருந்தன! ஒரு முகம்கூடத் தெரியவில்லை, எல்லாம் முதுகுதான்.

“பார்த்தியா பிரிட்டா கொழுப்பை! அவங்ககிட்ட யானை மாதிரி பிக்கப் டிரக் நிக்குது. மினிவேன்ல வந்தவங்களைப் பார்த்தா கண்ணு கெட்டுடுமாம்!”

“விடும்மா. நீ ரிவர்ஸ் எடு.”

“நீ இறங்கி என் கண்ணாடியில தெரியற மாதிரி நில்லு. நீ தெரியலேன்னா நிறுத்திடுவேன்.”

ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்தாள். டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கம் கை. மெதுவாக, மெதுவாக.

“மரம், மரம்!” என்றாள் பிரிட்டா.

நிறுத்தி, முன்னால் போய், மறுபடி பின்னால். கோணலாக வந்தது. இன்னொரு தடவை. கோபத்தில் உதறல்கூட மறந்துபோயிருந்தது.

“வா, வா... அவ்வளவுதான், நில்லு!”

நூல் பிடித்த மாதிரி உள்ளே நின்றது டிரெய்லர். கிர்ஸ்டன் குதித்து இறங்கி, மகளைக் கட்டிக்கொண்டு ஆடினாள்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தபோது டேல் வந்து சேர்ந்தான்.

“அட, முடிஞ்சிடுச்சா! பாத்ரூம்ல ஒரே கூட்டம்” என்றான்.

“நல்ல நேரம் பார்த்து ஓடினே. உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்!”

அவன் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு நழுவினான். அதற்குள் எதிர்வரிசையிலிருந்து வெர்னா என்ற வயதான பெண் ஒரு தட்டு நிறைய கேக் துண்டுகளோடு வந்தாள்.

“வாம்மா, புதுசா வந்தவங்களுக்குன்னு செஞ்சேன்.”

கிர்ஸ்டன் தட்டை வாங்கவில்லை.

“இப்ப மட்டும் எங்களைப் பார்க்கலாமா? வந்ததும் எல்லாரும் முதுகைக் காட்டினீங்களே!”

வெர்னா திகைத்தாள்.

“அடக் கண்ணு, உனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரர்தான் ஓட்டமா ஓடி வந்து, ‘பின்னாடி எடுக்கறதுல அவளை மிஞ்ச ஆளில்லை, யாராவது பார்த்தாதான் கை உதறும், தயவுசெஞ்சு திரும்பிக்குங்க’ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சினாரு. என் புருஷன் எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டாரு. அவரை நாற்காலியோட ஒத்தைக் கையால இழுத்துத் திருப்பினதும் உன் ஆளுதான்!”