அயோடின் 131

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள்.

அவள் உள்ளறைக் கட்டிலில் இருந்தாள். மகள் ஹாலின் அந்தக் கோடியில், டிவி மேசையை ஒட்டி.

நடுவில் திறந்த கதவு.

அறுவைக்குப் பிறகும் தைராய்டில் ஒட்டிக்கொண்டிருந்த புற்றை எரிக்க ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒரு வாரம் யாரும் பக்கத்தில் வரக் கூடாது. பிள்ளைகள் வரவே கூடாது.

ஒன்பதாம் வகுப்பு வெண்மதிக்கு நாளை அறிவியல் பரீட்சை.

மற்ற நாளென்றால் புத்தகம் அம்மாவின் மடியில் இருக்கும். மகள் ஒப்பிப்பதை வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பாள். அர்த்தம் தெரியாது. பிசகினால் மட்டும் தெரியும்.

இன்று காது மட்டும்தான்.

"அணுக்கருவுல புரோட்டான், நியூட்ரான். சுத்தி எலக்ட்ரான். புரோட்டான் எண்ணிக்கைதான் அது என்ன தனிமம்னு சொல்லும். அது மாறாம நியூட்ரான் மட்டும் கூடக்குறைய இருந்தா ஐசோடோப்பு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

மகள் கொஞ்சம் யோசித்தாள்.

"உப்புல போடறது அயோடின் 127. நீ முழுங்கினது 131. ரெண்டுலயும் புரோட்டான் ஐம்பத்துமூணு. உன்னோடதுல நாலு நியூட்ரான் கூட. அதனால அது நிலையா இருக்காது. சிதையும். அப்போ கதிர் வரும்."

"உடம்புக்கு வித்தியாசம் தெரியாதா?"

"அதுவும் அயோடின்தானேம்மா. தைராய்டு உள்ள வாங்கிக்கும்."

அவள் கழுத்துத் தழும்பைத் தொட்டாள்.

விஷத்தை விழுங்கிவிட்டதாகவே நினைத்திருந்தாள். நேற்று முழுக்க எச்சிலை விழுங்கக்கூடப் பயம்.

"அப்புறம்?"

புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்தாள். வெண்மதி கதவுநிலையில் நின்றாள். எப்போது எழுந்து வந்தாளோ.

"ஒரே ஒரு தடவைம்மா."

அம்மாவின் கைகள் அவளை அணைக்கத் தாமாக நீண்டுவிட்டன.

மடக்கிக்கொண்டாள். எழுந்து பின்னால் போனாள். ஜன்னல் கம்பி முதுகில் இடித்தது.

"போடி அந்தப் பக்கம்!"

அந்தக் குரலில் அவளை ஒருநாளும் அதட்டியதில்லை.

மகள் போய்விட்டாள்.

பிறகு பாய் விரிக்கும் ஓசை. தலையை மேசைப் பக்கம் வைத்துப் படுத்தாள் வெண்மதி. கதவு வழியே பாதங்கள் மட்டும் தெரிந்தன.

அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் நகம் எப்படி வளர்ந்து கிடக்கு பாரு. வெட்டக் கூடாதா?"

ஒரு பாதம் மற்றதன்மேல் ஏறிக்கொண்டது.

"நீ வெட்டிவிடு. அடுத்த வாரம்."