சிவப்புத் தோல் வார்

கத்தியை வைத்ததுதான் தாமதம், தக்காளி இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூன்று மாதம் முன்பு தங்கையின் பிரசவத்துக்காக அவள் கிளம்பியபோது, இதே கத்தி தக்காளியை நசுக்கத்தான் லாயக்காக இருந்தது. கணவரோ அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். பென்சில் சீவினாலே ரத்தக்காயத்தோடு வருகிற கை.

அப்படியென்றால் யார் தீட்டியது?

அவள் கண் சமையலறையைத் துழாவியது. ஜன்னலோரம் ஒரு சாணைக்கல், இன்னும் ஈரம் காயவில்லை. கதவுக் கொக்கியில் சிவப்பாக ஒரு தோல் வார் தொங்கியது. தீட்டிய கத்தியைச் சலூன்காரர்கள் இப்படித்தான் தோலில் இழுத்துக் கூரேற்றுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இது பெண்கள் தோளில் மாட்டும் பையின் வார். அவளிடம் எந்தக் காலத்திலும் சிவப்புப் பை இருந்ததில்லை.

வாசலில் அவள் பெட்டி இன்னும் பிரிக்காமல் நின்றது. நினைப்பது மட்டும் நிஜமென்றால் அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான். பதினெட்டு வருடக் குடித்தனத்துக்கு ஒரு முழுக்கு.

"இங்க கொஞ்சம் வாங்க!"

வந்தார். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தானையும் பூட்டியிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"நான் இல்லாதப்ப யாரு இங்க வந்து போறா?"

"யாரும் வரலையே."

"அப்ப கத்தி தன்னைத்தானே தீட்டிக்கிச்சா?"

அவர் கை மெதுவாகப் போய்ச் சட்டைப் பொத்தானைப் பொத்திக்கொண்டது. அவள் விடுவாளா? கையைப் பிடித்து இழுத்து, சட்டையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள்.

கரடி மாதிரி ரோமம் அடர்ந்திருந்த கை வழவழவென்று இருந்தது. மற்ற கையையும் பார்த்தாள். அதுவும் அப்படியே.

"அம்பது வயசுல யாருக்காகங்க இந்த மினுக்கு?"

குரல் உடைந்துவிட்டது. பொலபொலவென்று கண்ணீர் வர, விடுவிடுவென்று வாசலுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கினாள்.

அவர் ஓடிவந்து வழியை மறித்தார். வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஐயோ, நான்தாம்மா தீட்டினேன். அந்த வாரும் பழைய சாமான் கடையில வாங்கினதுதான். அன்னைக்கு மொக்கைக் கத்தி வழுக்கி உன் விரல்ல தையல் போட்டாங்களே, அதுலேருந்து மனசே கேக்கல."

"அதுக்கு எதுக்குங்க கையைச் சிரைக்கணும்?"

"கூர் வந்துடுச்சான்னு முடியை வழிச்சுத்தான் பாக்கணுமாம். தினம் நாலஞ்சு தடவை பாத்தேனா..."

குனிந்து கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார்.

"கை ரெண்டும் தீந்துபோச்சு, இப்ப கால்ல பாத்துட்டிருக்கேன்."