சத்தமில்லாத மீன்கள்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் அம்பத்தூர் மாடிக்கடையில் மத்தியானத்திலும் ட்யூப்லைட் எரிகிறது. மாதிரிக்கு வைத்த திரையில் மீன்கள் நீந்துகின்றன. இரண்டு குட்டி ஸ்பீக்கர்களிலும் நீர்க்குமிழிகள் களுக்களுக்கென்று வெடிக்கின்றன. தாட்சாயிணி கண்ணை எடுக்காமல் நிற்கிறாள். “பட்ஜெட்டு தாண்டுது அண்ணாத்தே, எதுனா ஒண்ண கயட்டணும்,” என்கிறார் கடைக்காரர். “பாட்டு கேக்க ஊட்ல டேப்ரிக்கார்டர் கீது. இது படிக்கத்தானே? சவுண்டு கார்டும் ஸ்பீக்கரும் வேணாம்,” என்கிறார் அவள் அப்பா பரந்தாமன். “ஆமாம்ப்பா, படிக்கத்தான்,” என்கிறாள் அவள், உடனே. “அப்ப இப்டித்தான் இருக்கும், பாத்துக்கோ,” என்று கடைக்காரர் ஒயரை உருவி ஸ்பீக்கர்களை எடுத்துக்கொண்டு போகிறார். கீழே ரோட்டில் பஸ் உறுமுவது இப்போதுதான் காதில் விழுகிறது. மீன்கள் வாயை மட்டும் திறந்து திறந்து மூடுகின்றன. ஸ்பீக்கர் இருந்த இடத்தில் தூசி படியாத சின்னச் சதுரத்தை அவள் விரலால் தடவுகிறாள். பரந்தாமன் அவள் முகத்தையே பார்க்கிறார். சொன்னதைத் தானே மாற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவள் ஒரு தரம் சிணுங்கினால் போதும், வேறு எதையாவது குறைத்துக்கொள்ளலாம். அவள் சிணுங்கக் காணோம். அடம்பிடிக்கக் கூடாதென்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அவர்தான்.